ஐபோன், ஆண்ட்ராய்டு, லேப்டாப்: வீட்டுப் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் ஆண்ட்ராய்டு போன், மனைவியிடம் ஐபோன், பிள்ளைகளிடம் அவருடைய ஆப்பிள் கணக்கிலேயே ஓடும் ஐபேட், மேசையில் விண்டோஸ் லேப்டாப். ஐபோனில் இடம் தீர்ந்துபோனது. எல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டதே என்ற நம்பிக்கையில் அந்த ஆப்பில் இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டனை மனைவி அழுத்தினார். மறுநாள் பார்த்தால் ஐபேடிலும் நான்கு வருடப் படங்களைக் காணோம். அவை போயே போய்விட்டனவா, இனி எல்லாப் படமும் எல்லாவற்றிலும் இருக்கும்படி எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமைப்பது பற்றிப் பிறகு பேசுவோம். இப்போதே ஐபோனை எடுத்து, போட்டோஸ் ஆப்பில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' என்ற ஆல்பத்தைத் திறங்கள். அழித்த படங்கள் அங்கே 30 நாள் வரை கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று எழுதியிருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'ரெகவர்' கொடுத்துவிடுங்கள். போனில் இடம் போதவில்லையே என்று தயங்க வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். 30 நாள் தாண்டியிருந்தாலும் படங்கள் கூகுள் போட்டோஸில் இருக்கும். ஆனால் அவை அசல் தரத்தில் இருக்கின்றனவா, சுருக்கப்பட்ட தரத்தில் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. ஏதாவது ஒரு படத்தைத் திறந்து அதன் விவரங்களைப் பாருங்கள். 'ஒரிஜினல் குவாலிட்டி' என்றிருந்தால் எதையும் இழக்கவில்லை. 'ஸ்டோரேஜ் சேவர்' என்றிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் 16 மெகாபிக்சலுக்கும், பெரிய வீடியோக்கள் 1080பி அளவுக்கும் குறைக்கப்பட்டிருக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அசல் அல்ல. அதனால்தான் முதலில் ஐபோனைத் திறக்கச் சொன்னேன்.

இது ஏன் நடந்தது? உங்கள் மனைவி தவறாக எதையும் செய்யவில்லை. ஆண்ட்ராய்டில் அதே பட்டன் சொன்னதைத்தான் செய்யும்: ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். ஐபோனில் ஆப்பிளின் கிளவுட் சேவையான ஐகிளவுட் போட்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது போட்டோஸ் ஆப்பில் தெரிவது 'போனில் உள்ள படங்கள்' அல்ல. ஐகிளவுட்டில் இருக்கும் ஒரே தொகுப்புக்கு ஐபோன் ஒரு ஜன்னல், ஐபேட் இன்னொரு ஜன்னல். கூகுளின் ஆப் 'இந்தப் போனிலிருந்து நீக்கு' என்று கேட்டது, ஐபோன் 'தொகுப்பிலிருந்து நீக்கு' என்று புரிந்துகொண்டது. எல்லா ஜன்னலிலும் படம் மறைந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். போட்டோக்களை இழந்தவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் இழக்கிறார்கள். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்றால் ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களிலும் அப்படியே நடக்கும். படம் சேர்த்தால் எங்கும் சேரும், அழித்தால் எங்கும் அழியும். பேக்கப் என்றால் இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும். இரண்டும் நமக்குத் தேவை. ஒன்றை மற்றொன்று என்று நினைத்துவிடுவதில்தான் ஆபத்து. எனக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு, கிளவுட்டோடு சிங்க் செய்து வைத்திருந்தேன். லேப்டாப் நிறைந்தபோது, மேலே இருக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அழித்தேன். இரண்டு மாதம் கழித்து அம்மா ஒரு படம் கேட்டார். தேடினால் மேலேயும் இல்லை, குப்பைத் தொட்டியிலும் இல்லை, அதன் கெடு முடிந்திருந்தது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் தேடி நாற்பது படம் போலத் திரட்டினேன். அவ்வளவும் சிறியவை, பெரிதாக்கி பிரின்ட் போட முடியாதவை. அப்பா தாலி கட்டும் படம் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் இதை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

எந்த ஆப்பில் அழித்தால் எங்கெல்லாம் அழியும் என்பதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திச் சொல்கிறேன். கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தைச் சாதாரணமாக அழித்தால் போனிலும் போகும், கிளவுட்டிலும் போகும். பேக்கப் ஆன படம் என்றால் அதன் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். ஆண்ட்ராய்டில் போனிலிருந்து மட்டும் நீக்க வேண்டுமென்றால், படத்தின் மெனுவில் 'டெலீட் ஃப்ரம் டிவைஸ்' என்று தனியாக இருக்கிறது. ஐபோனின் சொந்த போட்டோஸ் ஆப்பில் அழித்தால் ஐகிளவுட்டிலும் ஐபேடிலும் போகும், ஆனால் ஏற்கெனவே கூகுளில் ஏறிய பிரதி அங்கேயே இருக்கும். சில ஆண்ட்ராய்டு போன்களின் கேலரி ஆப், ஒன்டிரைவ் போன்ற வேறொரு கிளவுட்டோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே அழித்தால் அந்தக் கிளவுட்டிலும் அழியும். உங்கள் போனில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஆகியிருந்தால், கூகுள் ஒன்றே போதும் என்று முடிவெடுத்து அதை நிறுத்திவிடலாம். நிறுத்துவதற்கு முன் அங்கே மட்டும் இருக்கும் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி அமைப்பு. ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் கலந்த வீட்டில், எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கும் பொது இடமாக கூகுள் போட்டோஸைத்தான் நான் சொல்வேன். ஐகிளவுட்டை ஆண்ட்ராய்டில் பிரவுசர் வழியாகத்தான் பார்க்க முடியும், தினசரிப் புழக்கத்துக்கு அது சரிப்படாது. ஆனால் ஐபோனில் ஐகிளவுட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஓடட்டும், வேலையை மட்டும் பிரித்துக் கொடுங்கள். ஐபோனில் இடத்தைச் சமாளிப்பது ஐகிளவுட்டின் வேலை. செட்டிங்ஸில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்பதை ஆன் செய்தால், அசல் படம் ஐகிளவுட்டில் இருக்கும், போனில் சிறு பிரதி மட்டும் இருக்கும், திறக்கும்போது அசல் இறங்கும். மேலே நான் சொன்ன வழி இதுதான். கூகுள் போட்டோஸின் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டனை அந்த ஐபோனில் இனி யாரும் தொடக்கூடாது. படம் அழிக்க வேண்டுமென்றாலும் ஆப்பிளின் போட்டோஸ் ஆப்பில்தான் அழிக்க வேண்டும். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் ஐபோன் படங்களுக்கு கூகுள் ஒரு உண்மையான இரண்டாம் பிரதியாகிவிடும்.

இதற்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். ஐகிளவுட்டில் இலவசம் 5 ஜிபி. கூகுளில் 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்னால் 'ஹை குவாலிட்டி'யில் (இன்றைய 'ஸ்டோரேஜ் சேவர்'தான், அன்றைய பெயர்) ஏற்றிய படங்கள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அன்றோடு அந்தச் சலுகை முடிந்தது. படங்களைவிட வீடியோதான் இடத்தை விழுங்கும். ஐபோனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 2 எம்பி போல இருக்கும். 4கே வீடியோவை நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 400 எம்பி. கூகுளின் 15 ஜிபி முழுவதும் 37 நிமிட வீடியோவில் தீர்ந்துவிடும். 1080பி, 30 ஃபிரேம் என்று மாற்றினால் நிமிடத்துக்கு 60 எம்பிதான். பள்ளி ஆண்டுவிழாவுக்கு அது தாராளமாகப் போதும், செட்டிங்ஸில் இன்றே மாற்றிவிடுங்கள். கூகுளிலும் ஆப்பிளிலும் வாங்கும் இடத்தைக் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம். இடம் பொது, படங்கள் அவரவருடையவை. தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை.

தரத்தில் 'ஒரிஜினல்' தான் என் பரிந்துரை. ஸ்டோரேஜ் சேவரில் பத்து வருடம் ஓட்டிவிட்டு, அசலை வேறெங்கும் வைக்காமல் போனவர்களுக்கு வழியே கிடையாது. சுருக்கிய படத்தை மறுபடி விரிக்க முடியாது.

நீங்கள் இருவரும் ஒரே கூகுள் கணக்கில் போட்டோஸைப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்பேன். ஒருவர் அழித்தால் இருவருக்கும் போகும், அந்தக் கணக்குக்கு ஏதாவது ஆனால் இருவர் படமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அவரவர் கணக்கில் அவரவர் படம் இருக்கட்டும். செட்டிங்ஸில் 'பார்ட்னர் ஷேரிங்' இருக்கிறது. அதில் மனைவியின் படங்கள் எல்லாவற்றையுமோ, குறிப்பிட்ட முகங்கள் இருக்கும் படங்களை மட்டுமோ உங்களுக்குத் தானாக வரச் செய்யலாம். பிள்ளைகளின் முகங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அலுவலக ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் கலந்து வராது. வந்த படங்களை உங்கள் கணக்கில் சேமிக்கும்படியும் வைக்கலாம். அப்படி வைத்தால் அவர் பக்கம் ஏதாவது நடந்தாலும் பிள்ளைகளின் படங்கள் உங்களிடம் இருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஐபோனுக்கு மாறும் நாள் வந்தால், ஐஓஎஸ் 16-இல் 2022-இல் வந்த பகிர்வுத் தொகுப்பு இதைவிட நன்றாக இருக்கும். உரிமையாளரோடு இன்னும் ஐந்து பேர் சேரலாம். இடக் கணக்கு உரிமையாளர் தலையில் விழும்.

முதல் முறை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். உங்கள் இணைப்பில் டவுன்லோடு வேகம் எவ்வளவு என்பது இங்கே பொருட்டல்ல, அப்லோடு வேகத்தைப் பாருங்கள். 200 ஜிபியை 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். அப்லோடு 4 எம்பிபிஎஸ் மட்டுமே என்றால் நாலரை நாள், அதுவும் இடைவிடாமல். போனைச் சார்ஜில் போட்டு, வைஃபையில் விட்டு, இரவில் ஓட விடுங்கள். ஐபோனில் ஆப் பின்னணிக்குப் போனதும் ஏற்றுவது தேங்கிவிடும். முதல் சில இரவுகள் கூகுள் போட்டோஸைத் திறந்தபடியே வைப்பது நல்லது. 'ஆப்டிமைஸ்' ஆன் ஆகியிருந்தால் இன்னும் மெதுவாகும், ஏனென்றால் ஒவ்வொரு அசலையும் ஐகிளவுட்டிலிருந்து இறக்கித்தான் கூகுளுக்கு ஏற்ற முடியும். இதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு. ஆப்பிளின் பிரைவசி பக்கத்தில் கணக்கைத் திறந்து, ஐகிளவுட் படங்களின் பிரதியை நேராக கூகுள் போட்டோஸுக்கு அனுப்பக் கேட்கலாம். சில நாட்களில், உங்கள் வைஃபையைத் தொடாமலே போய்ச் சேரும். ஐகிளவுட்டில் இருப்பவை அங்கேயே இருக்கும். 2024 முதல் கூகுளிலிருந்து ஐகிளவுட்டுக்கும் இதேபோல் அனுப்ப முடிகிறது.

வாட்ஸ்அப் படங்களை இதில் சேர்க்காதீர்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் போட்டோஸ் எந்தெந்த ஃபோல்டரை எடுக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், வாட்ஸ்அப் ஃபோல்டரை ஆஃப் ஆகவே விடுங்கள். ஐபோனில் வாட்ஸ்அப்பின் சாட்ஸ் செட்டிங்கில் படங்களைப் போட்டோஸில் சேமிக்கும் விருப்பத்தை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்களுக்கும் கட்சி மீம்களுக்கும் நடுவே பிள்ளையின் முதல் நடையைத் தேடும் நிலை வரக்கூடாது. சித்தப்பா அனுப்பிய நல்ல படம் ஒன்று வந்தால் அதை மட்டும் கையால் சேமித்துக்கொள்ளுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு குறையும், எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து கழன்றுவிடும். கல்யாண வீட்டில் உறவினரிடம் படம் கேட்கும்போது 'டாக்குமென்டாக அனுப்புங்க' என்று சொல்லுங்கள், அசல் ஃபைல் அப்படியே வரும். பகிர்வு ஆல்பத்தின் லிங்க்கை அனுப்பி அதில் போடச் சொல்வது இன்னும் நல்லது.

எடுத்த தேதி என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். பல சாதனங்களின் படங்களை ஒன்றாக்கும்போது தொகுப்பைக் கோத்து நிறுத்துவதே அதுதான். ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதி இருக்கிறது. எந்தக் கேமரா, எத்தனை மணி, எந்த இடம் என்றெல்லாம் அதில் பதிவாகும். கிளவுட் அதை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறது. பழைய கேமராவில் பேட்டரி கழற்றியபோது கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தால், 2012 திருவிழா 2005-க்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஏற்றுவதற்கு முன்பே லேப்டாப்பில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் ஒரு ஃபோல்டர் முழுவதையும் இத்தனை வருடம், இத்தனை மணி நேரம் என்று ஒன்றாக நகர்த்தலாம். ஏற்றிய பிறகு கூகுள் போட்டோஸுக்குள்ளேயே திருத்தவும் முடியும். ஆனால் அந்தத் திருத்தம் படத்துக்குள் எழுதப்படுவதில்லை. நாளைக்கு எல்லாவற்றையும், கூகுளில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் வழியாக இறக்கினால் படம் பழைய தேதியோடும், சரியான தேதி பக்கத்தில் ஜேசன் என்ற தனி ஃபைலிலும் வரும். ஆகவே திருத்துவதை ஏற்றும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஹெச்இஐசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இந்த வடிவத்தில் எடுக்கின்றன. ஜேபெக்கில் பாதி அளவு இடம்தான் பிடிக்கும். விண்டோஸில் திறக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்ற வேண்டாம்.

லேப்டாப்புக்கு வருவோம். கூகுள் போட்டோஸில் இருப்பதெல்லாம் ஒரு ஃபோல்டராக லேப்டாப்பில் தானாக வந்து விழாது. முன்பு கூகுள் டிரைவ் வழியாக அப்படி வந்துகொண்டிருந்தது, அந்தத் தொடுப்பை 2019 ஜூலையில் கூகுள் நிறுத்திவிட்டது. இப்போது 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்' மூலம் லேப்டாப்பில் இருக்கும் ஒரு ஃபோல்டரைப் போட்டோஸுக்கு ஏற்றலாம், அவ்வளவுதான். பழைய கேமரா படங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஒரே ஃபைலை இருமுறை ஏற்றினால் கூகுள் இரண்டாவதைச் சேர்க்காது. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய பிரதியை அது வேறு படமாகத்தான் பார்க்கும்.

ஹார்ட் டிஸ்க் தேவையா? தேவை. இரண்டு கிளவுட் இருந்தாலும் தேவை. கணக்கு முடங்கலாம், பாஸ்வேர்டு போகலாம், அட்டை காலாவதியாகிப் பணம் கட்டாமல் விட்டுப்போகலாம். இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்கை நீக்கும் விதி நடைமுறையில் இருக்கிறது. அளவுக்கு மேல் இடம் பிடித்தபடி இரண்டு வருடம் இருந்தாலும் படங்கள் நீக்கப்படலாம். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கைத்தான் நான் பின்பற்றுகிறேன்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வருடத்துக்கு ஒருமுறை கூகுள் டேக்அவுட்டில் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, 50 ஜிபித் துண்டுகளாகக் கேளுங்கள். ஃபைல்கள் தயாரானதும் மெயில் வரும், லிங்க் ஒரு வாரம்போல்தான் உயிரோடிருக்கும், விடுமுறை நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். வரும் ஜிப் ஃபைல்களையும் ஜேசன்களையும் பிரிக்காமல், அழிக்காமல் அப்படியே ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். இதற்குச் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை வேண்டாம். மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் பெட்டியில் வைத்தால் அதில் தகவல் மங்கக்கூடும். சுழலும் வகை ஹார்ட் டிஸ்கே போதும், விலையும் குறைவு.

கணக்கின் சாவியையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு படி உறுதிப்படுத்தலை இருவருமே ஆன் செய்துவிட்டு, கூகுள் தரும் பத்து பேக்கப் கோடுகளை அச்செடுத்து, பீரோவில் பத்திரங்கள் இருக்கும் கவரிலேயே வையுங்கள். போன் தொலைந்தால் ஓடிபியும் அதோடு தொலையும், அப்போது இந்தத் தாள்தான் கதவைத் திறக்கும். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்', ஆப்பிளில் 'லெகசி கான்டாக்ட்' என்று இருக்கின்றன. நாம் இல்லாத காலத்தில் யார் நம் படங்களைத் திறக்கலாம் என்று அதில் எழுதிவைக்கலாம். இதைப் பேசவே பலருக்குச் சங்கடம். தங்கையின் கணவராகவோ அண்ணியாகவோ யாராவது ஒருவர் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு இறந்தவரின் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் காட்சி அதைவிடக் கொடுமை.

கூகுள் போட்டோஸ் செய்யும் வேலையை வீட்டிலேயே சொந்தமாகச் செய்யும் இம்மிச் போன்ற திறமூல நிரலை ஒரு சிறு கணினியில் ஓட்டலாமா என்றும் கேட்டீர்கள். நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் மின்வெட்டு, ரூட்டர், அப்டேட், டிஸ்க் பழுது எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காததால் வெளியூரிலிருந்து அணுகத் தனி ஏற்பாடு வேண்டும். மேலே சொன்னதெல்லாம் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, கூடுதல் பிரதியாக மட்டும் முயலுங்கள்.

கடைசியாக, அந்த 'வேறு இடத்தில்' என்ற சொல்லைப் பற்றி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாஃபர்கான்பேட்டையில் எங்கள் பெரியம்மா வீட்டின் தரைத்தளத்துக்குள் அடையாறு வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் ஐம்பது வருட ஆல்பங்கள் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து போட்டு வைத்திருந்த ஹார்ட் டிஸ்கும் அதே தட்டில், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஆல்பங்களுக்கு மேலேயே வைக்கப்பட்டிருந்தது. பெரியப்பாவின் இளவயதுப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது முகம் உரிந்து வந்தது. இப்போது என்னிடம் இரண்டு ஹார்ட் டிஸ்குகள். ஒன்று சென்னையில் என் வீட்டில், இன்னொன்று திருச்சியில் மாமனார் வீட்டு மாடியறையில். பொங்கலுக்குப் போகும்போது புதிய பிரதியோடு இருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருக்கும் பழையதை எடுத்து வருவேன். கிளம்பும் முன் அதைச் செருகி, தொடக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் பத்துப் படம், இரண்டு வீடியோ திறந்து பார்த்த பிறகுதான் பையில் வைப்பேன்.